லேத் ஓடுகிறதா என்று கேளுங்கள்

மே மாதம் எங்கள் மரக்காணத்தில் உப்பு வாருவது மும்முரமாக நடக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வருவதும் அதே மாதம்தான். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நேரத்தில் அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பாத்திக்குப் போய், வெயில் ஏறியதும் கண் எரிச்சலோடு வீடு திரும்புவார்கள். அந்த நேரம் பார்த்து ஏதாவது ஒரு கல்லூரியின் ஆள் பைக்கில் வந்து இறங்குவார். கையில் பளபளப்பான நோட்டீஸ். அதில் கண்ணாடிக் கட்டடம், கோட் போட்ட பிள்ளைகள். “சீட் முடியப்போகுதுண்ணே, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிட்டா பேரைப் பதிஞ்சுடலாம்” என்பார். உப்பு வாரிய காசு அங்கேயே கைமாறிவிடும்.

எனக்கு ஈசிஆரில் மோட்டார் ரீவைண்டிங் கடை. படித்தது ஐடிஐ. உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள்தான் எனக்குப் பெரும்பாலான வேலை. மூத்த மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். என் பக்கத்திலும் என் மனைவி பக்கத்திலும் பட்டப்படிப்புக்குப் போகிற முதல் ஆள் அவள். இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்கிறாள். அதற்காக நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச காலமாகக் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பார்த்து வருகிறோம். பெரும்பாலும் சின்னக் கல்லூரிகள். அதில் தெரிந்துகொண்டதை எழுதி வைத்தால் இந்தக் கரையில் இன்னும் நான்கு வீட்டுக்கு உதவும் என்றுதான் இந்தப் பதிவு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “நமக்கென்னங்க தெரியும், படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று எங்கள் ஊரில் நிறையப் பெற்றோர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை. கையால் வேலை செய்து பிழைக்கிறவர்களுக்கு, ஒரு இடத்தில் வேலை நடக்கிறதா இல்லையா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். இன்ஜினியரிங் கல்லூரியை எடைபோட அந்தக் கண் போதும், மிச்சத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் கணக்கு

பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்கு. கணக்கில் வாங்கிய மதிப்பெண் அப்படியே 100-க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 86 எடுத்த பிள்ளைக்கு 92 + 42 + 43, ஆக 177. மற்றப் பாடங்களின் மதிப்பெண் இதில் சேராது. முன்பு இதோடு நுழைவுத்தேர்வு ஒன்றும் இருந்தது. தமிழ்நாடு 2006-ல் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டது. டியூஷனுக்கும் கோச்சிங்குக்கும் வழியில்லாத எங்கள் மாதிரிக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவைத் திறந்த சட்டம்.

175, 180 என்று வாங்கிய பிள்ளைக்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைப்பது அரிது. ஆனால் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் பட்டியலில் இருக்கின்றன. சிக்கல் இங்கேதான். மேலே உள்ள பத்துப் பதினைந்து பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கீழே எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, நோட்டீஸ் அழகாக இருப்பதையோ காலேஜ் பஸ் வீட்டு வாசலுக்கு வருவதையோ பார்த்துச் சேர்த்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் நல்லதுக்கும் மோசத்துக்கும் உள்ள இடைவெளி மிக அதிகம். பெற்றோர் நேரில் போய்ப் பார்ப்பதால் பெரிய பலன் கிடைப்பதும் அங்கேதான்.

சின்னக் கல்லூரி என்றால் எது?

என் மைத்துனன் சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அக்கா மகள் மேல் உயிர். போன் போட்டால் ஒரே பேச்சு: “மாமா, எதுனாலும் பெரிய காலேஜா பாருங்க. சின்னக் காலேஜ்ல சேர்த்தா ஒரு கம்பெனிக்காரன் எட்டிப்பாக்க மாட்டான்.” அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சின்னக் கல்லூரி எல்லாம் ஒரே வகை இல்லை. நாங்கள் பார்த்த அளவில் மூன்று வகை.

முதல் வகை, அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள். எங்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு இருக்கின்றன: திண்டிவனம் மேல்பாக்கத்தில் ஒன்று, விழுப்புரம் காகுப்பத்தில் ஒன்று. இரண்டும் 2008-ல் தொடங்கியவை. பல்கலைக்கழகமே நடத்துவதால் கட்டணம் குறைவு. ஊரில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எந்த ஏஜென்டும் இதற்கு நோட்டீஸ் கொடுக்க வரமாட்டார் அல்லவா?

இரண்டாவது வகை, ஒரே துறையைச் சுற்றி அமைந்த நிறுவனங்கள். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அப்படிப்பட்டது. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

மூன்றாவது வகை, வகுப்புக்கு முப்பது நாற்பது பேரை வைத்து நடத்தும் தனியார் கல்லூரிகள். 1984-க்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. ஒரு காலத்தில் ஐந்நூற்றைம்பதைத் தாண்டின. பிறகு ஆள் சேராமல் மூடிக்கொண்டு வந்தன. மிச்சம் இருக்கிற சின்னக் கல்லூரிகளில் அக்கறையோடு நடத்துகிறவர்களும் உண்டு, வெறும் கட்டடமும் பெயர்ப் பலகையுமாக நிற்பவையும் உண்டு. அதிகம் கவனித்துப் பார்க்க வேண்டிய வகை இதுதான்.

ஈசிஆரிலேயே தெற்கே போனால் பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பழைய பாண்டிச்சேரி இன்ஜினியரிங் காலேஜ்தான் 2020-ல் பல்கலைக்கழகமானது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் புதுச்சேரிக்குப் போவார்கள். ஆனால் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதால் அங்குள்ள இடங்களில் பெரும்பகுதி நமக்கில்லை. புதுச்சேரிப் பிள்ளைகளுக்குத் தனிக் கலந்தாய்வு, வெளியாட்களுக்கு ஜேஇஇ. பக்கத்தில் இருக்கிறதே என்று அதையே நம்பி உட்கார வேண்டாம்.

சின்னது என்றாலே மட்டம் என்ற எண்ணம் நம்மிடம் எப்படி வந்ததென்று தெரியவில்லை. அமெரிக்காவில் ஆலின் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. 1997-ல் நிறுவப்பட்டது. மொத்தமே ஏறத்தாழ 400 மாணவர்கள். 1955-ல் தொடங்கிய ஹார்வி மட் கல்லூரியில் ஆயிரம் பேருக்கும் குறைவு. இரண்டிலும் இடம் கிடைப்பது அரிது. ஆசிரியருக்குத் தன் மாணவரைப் பெயர் சொல்லித் தெரியும், முதல் வருடத்திலிருந்தே கையால் பொருள் செய்யவேண்டும் என்பதற்காகவே அங்கே போகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம்முடைய கிண்டிப் பொறியியல் கல்லூரியே 1794-ல் எட்டுப் பையன்களோடு ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான்.

லேபுக்குள் போனால்

என்னிடம் பழைய மோட்டார் வாங்கித் தரச் சொல்லி வருகிறவர்கள் மேலே அடித்த பெயின்ட்டைப் பார்ப்பார்கள். நான் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பார்ப்பேன். கல்லூரிக்குப் போனாலும் நான் பார்க்கிற இடம் ஒர்க்‌ஷாப்பும் லேபும்தான்.

வேலை நாளில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனால் கட்டடத்தைத்தான் பார்க்க முடியும். “ஒர்க்‌ஷாப்பை ஒரு தடவை பாத்துக்கலாமா சார்?” என்று கேளுங்கள். நல்ல கல்லூரியில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஒரு கல்லூரியில் லேத் மெஷினைக் காட்டினார்கள். கீழே தட்டில் இரும்புச் சீவல் சுருள் சுருளாகக் கிடந்தது. பெட்டின்மேல் எண்ணெய்ப் பிசுக்கு. சக்கு சாவி அதன் இடத்தில் மாட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற பையனின் நகக்கண்ணில் கிரீஸ். “இன்னைக்கு என்னப்பா ஓட்டுனீங்க?” என்றேன். “டேப்பர் டர்னிங் சார், என் பீஸ் அளவு தப்பாயிடுச்சு, திரும்பப் போடணும்” என்றான். தப்பானால் திரும்பப் போட வைக்கிறார்கள், அதற்கு இரும்பும் நேரமும் கொடுக்கிறார்கள். என் மனதில் அந்தக் கல்லூரி அப்போதே உயர்ந்துவிட்டது. அதன் முகப்புக் கட்டடத்துக்கு வெள்ளையடித்துப் பல வருடம் இருக்கும்.

இன்னொரு கல்லூரியில் கண்ணாடி அறைக்குள் சிஎன்சி மெஷின். விலை உயர்ந்ததுதான். வந்திறங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள்.

எலெக்ட்ரிகல் லேபில் இன்னும் எளிது. டிசி மோட்டாரின் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் கம்யூட்டேட்டரைப் பாருங்கள், அல்லது காட்டச் சொல்லுங்கள். கார்பன் பிரஷ் உரசி உரசி ஓடுகிற மெஷினில் அந்தச் செம்பு காப்பி நிறத்தில் வழவழவென்று இருக்கும். ஓடாத மெஷினில் மங்கிப் போய், உப்புக் காற்றடிக்கும் எங்கள் ஊர்ப் பக்கமென்றால் பச்சையும் பூத்திருக்கும். பிரஷ் வாங்கிய நாள் நீளத்திலேயே இருந்தால் அந்த மெஷின் பிள்ளைகளுக்காக ஓடவில்லை என்று அர்த்தம். இதைப் பார்க்க டிகிரி வேண்டாம். ஊரில் இருக்கிற எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போனால் போதும்.

அடுத்த கேள்வி: ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? ஒருவர் கையால் செய்ய, பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டால் அது பிராக்டிகல் இல்லை. சின்னக் கல்லூரியின் நிஜமான பலம் இந்த இடத்தில்தான். வகுப்பில் முப்பது பேர் இருந்து மெஷினும் ஓடினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கைப்பழக்கம் வந்துவிடும். பெரிய கல்லூரிகளில் இப்போது கூட்டம் கூடிக்கொண்டு போகிறது. ஒரு பாடப்பிரிவில் இவ்வளவு பேரைத்தான் சேர்க்கலாம் என்றிருந்த உச்சவரம்பை, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ 2024-25 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டது. பெயர் பெற்ற கல்லூரிகள் கம்ப்யூட்டர் பிரிவுகளை அடுக்கடுக்காக ஏற்றிவிட்டன. பெரிய கல்லூரியைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றாலும் இந்தக் கேள்வியை அங்கேயும் கேளுங்கள்.

வாத்தியார் இருக்கிறாரா?

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேரமாக வேலை செய்வதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்றது. அண்ணா பல்கலைக்கழகம் தன் பட்டியலை ஆராய்ந்தபோது 189 பேர் ஏறத்தாழ 2,000 பணியிடங்களில் இருப்பதாகத் தெரிந்ததென்று அப்போதைய துணைவேந்தரே சொன்னார். படித்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் இருக்கிறார் என்று காகிதத்தில் எழுதிவிட்டு நாற்காலியைக் காலியாக விட்டிருக்கிறார்கள். படிப்பறிவில்லாத பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்ற தைரியம்தானே?

இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ விதி. இணையதளத்தில் ஆசிரியர் பட்டியல் இருக்கும். மகளை விட்டு அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னோம். போன இடத்தில் அந்தப் பட்டியலிலிருந்து இரண்டு மூன்று பெயரைச் சொல்லி, “இவங்க உங்களுக்கு என்ன பாடம் எடுக்கறாங்க?” என்று மாணவர்களிடம் விசாரித்தோம். “அப்படி யாரும் இல்லீங்களே” என்று பதில் வந்தால் அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

மூன்றாம் வருட மாணவர்களிடம் பேசுவது முக்கியம். முதல் வருடப் பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கடைசி வருடத்துப் பிள்ளைக்கு வேலைக் கவலை. மூன்றாம் வருடத்துப் பிள்ளை உள்ளதை உள்ளபடி சொல்லும். எத்தனை அரியர், எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை, இன்டர்ன்ஷிப் போனீர்களா, யார் ஏற்பாடு செய்தார்கள் என்று கேளுங்கள். “நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்” என்று நோட்டீஸில் போட்டிருந்தால், இந்தப் பிரிவில் போன வருடம் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் புரிந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு செமஸ்டர் தேர்வுக்கும் கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் தயாரிப்பதால் அவற்றையும் மற்றவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. என்பிஏ என்ற தர அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடையாது, பாடப்பிரிவுக்குத் தனித்தனியாகக் கொடுப்பது. “எங்க காலேஜுக்கு என்பிஏ இருக்கு” என்று சொன்னால் “எந்தப் பிரிவுக்கு?” என்று திருப்பிக் கேளுங்கள்.

சின்னத் தனியார் கல்லூரியில் ஓர் ஆபத்தும் உண்டு, மறைக்காமல் சொல்ல வேண்டும். போன வருடம் அந்தப் பிரிவில் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் சேர்ந்திருந்தார்கள் என்றால், அது இழுத்து மூடப்படும் நிலையில் இருக்கலாம். மூடினாலும் சேர்ந்தவர்கள் படித்து முடிக்க வழி செய்வார்கள். ஆனால் நல்ல ஆசிரியர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். ஆகவே எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

அம்மாவின் கேள்விகள்

நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் மனைவி ஹாஸ்டல் பக்கம் போய்விடுவாள். அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். நேராகச் சமையற்கட்டுக்குப் போய் அங்கே வேலை செய்யும் அம்மாவிடம் பேச்சுக் கொடுப்பாள். “ராத்திரி புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாருக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க?” “பாத்ரூம் கதவுக்கெல்லாம் தாழ்ப்பாள் இருக்கா?” “தண்ணி எத்தனை மணிக்கு நிறுத்துவாங்க?” “பொண்ணுங்களை ஒர்க்‌ஷாப்ல மெஷின் தொட விடறாங்களா, இல்ல உக்கார வெச்சுடறாங்களா?” இந்தக் கடைசிக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு கல்லூரியில் அந்த அம்மா சிரித்துக்கொண்டே, “நம்ம பொண்ணுங்க வெல்டிங் பொறி பட்ட துப்பட்டாவத்தாங்க துவைக்கப் போடுதுங்க” என்றாராம். என் மனைவி எங்கள் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயருக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக் அடித்தாள்.

தூரமும் ஒரு கேள்விதான். வீட்டிலிருந்து தினமும் போய்வரலாம் என்று நினைக்கிற கல்லூரிக்கு, மகள் போகப்போகிற நேரத்தில் அரசுப் பேருந்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். சாயங்காலம் லேப் முடிந்து அவள் இருட்டுவதற்குள் ஊர் திரும்ப முடியுமா என்பது அதில் தெரிந்துவிடும்.

காரைக்குடியில் ஒரு படிப்பு

உப்புக் காற்றில் மோட்டாருக்கு ஆயுசு குறைவு. கடைக்கு வருகிற மோட்டாரைத் திறந்தால் டெர்மினலில் பச்சை, பேரிங்கில் துரு, வார்னிஷ் பொரிந்து காயிலில் கசிவு. எட்டாவது படிக்கும்போதே மகள் கேட்டாள்: “திண்டிவனத்து மோட்டார் நல்லாத்தானேப்பா இருக்கு, நம்ம ஊர் மோட்டார் மட்டும் ஏன் இப்படி ஆகுது?” உப்புதான் காரணம் என்று சொன்னேன். உப்பு என்ன செய்கிறது என்று அடுத்த கேள்வி. உப்பிலுள்ள குளோரைடு, உலோகத்தின்மேல் இருக்கும் காப்புப் படலத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறது என்று அவளே பின்னால் வேதியியல் ஆசிரியையிடம் கேட்டு வந்து எனக்குச் சொன்னாள்.

அரிப்பு, மின்பூச்சு, பேட்டரி, உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுப்பது ஆகிய இவற்றையெல்லாம் ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்கு ராமேஸ்வரம் போகிற வழியில் மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையமும் உண்டு. அந்த நிறுவனத்திலேயே வேதியியல் மற்றும் மின்வேதிப் பொறியியல் என்று ஒரு பி.டெக் படிப்பு 1988-லிருந்து நடக்கிறது. சின்ன வகுப்பு, சுற்றிலும் விஞ்ஞானிகளின் ஆய்வுக்கூடங்கள்.

இதைச் சொன்னதும் மகள் முகம் மலர்ந்தது. “இதுக்குன்னே ஒரு படிப்பு இருக்காப்பா?” என்றாள். எங்கள் கரைக்கும் இந்தப் படிப்புக்கும் எவ்வளவு நெருக்கம் என்று நினைத்துப் பாருங்கள். பாத்தியில் நிற்கிற எங்கள் ஆட்கள் டிகிரி பார்த்துத்தான் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குத் திருப்புகிறார்கள். பூமே என்பது உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் கணக்கு. கடல் நீர் மூன்று டிகிரி பூமே. இருபத்தைந்தை ஒட்டி உப்பு விளையத் தொடங்கும். முப்பதை நெருங்குமுன் மிச்சத் தண்ணீரை வெளியேற்றாவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துவிடும். இந்த வேதியியலைப் பரம்பரையாகக் கையில் வைத்திருக்கிற ஊரிலிருந்து அதையே பாடமாகப் படிக்க ஒரு பிள்ளை போனால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஆசைப்பட்டேன் என்பதற்காக அவள்மேல் திணிக்கவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸும் அவளுக்குப் பிடிக்கும். அவள் சிநேகிதிகள் பாதிப் பேர் அதற்குத்தான் போகிறார்கள். வேலை வாய்ப்பும் அதில் இருக்கிறது. இரண்டு பிரிவின் பாடத்திட்டத்தையும் இறக்கி, நான்கு வருடமும் என்னென்ன பாடம் வருகிறதென்று அவளையே படித்துப் பார்க்கச் சொன்னோம். எந்தப் பாடத்தின் பெயரைப் பார்த்தால் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது, எதைப் பார்த்தால் சலிப்பாக இருக்கிறது என்று அவளே குறித்தாள். படிக்கப்போவது அவள்தானே.

பணம்

இந்த விஷயத்தில் எங்கள் ஊரில் பலருக்கும் தகவல் போய்ச் சேரவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-லிருந்து இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தனிச் சான்றிதழ் வாங்கிக் கல்விக் கட்டணச் சலுகை பெறலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை முன்பே தயார் செய்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். ஏஐசிடிஇ-யின் பிரகதி உதவித்தொகை பெண்களுக்கு வருடம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

இத்தனை இருக்கும்போது கலந்தாய்வுக்கு முன்னால் ஏஜென்ட் கையில் பணம் கொடுக்க என்ன அவசியம்? சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்து விலகினால், குறித்த தேதிக்குள் சொல்லிவிட்டால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும், அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பதும் விதி. கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். ரசீது தராத இடத்தில் பணம் தராதீர்கள்.

பட்டியல் போடும்போது

2018-லிருந்து கலந்தாய்வு ஆன்லைனில்தான். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். அதிகமாகப் போடுவதால் நஷ்டம் இல்லை. வரிசைதான் முக்கியம். கிடைக்காது என்று தோன்றினாலும் உண்மையாக ஆசைப்படுவதை மேலே போடுங்கள். கிடைத்தால் போகமாட்டோம் என்று தெரிந்த கல்லூரியைப் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இடம் ஒதுக்கியதும் உறுதி செய்யும்போது, கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லவும் வழி இருக்கிறது. அதைப் படித்துப் புரிந்துகொண்டு அழுத்த வேண்டும். பிரவுசிங் சென்டர்காரரை அவர் இஷ்டத்துக்கு நிரப்பச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. பாஸ்வேர்டு பிள்ளையிடம் மட்டும் இருக்கட்டும்.

எங்கள் மகள் தன் பட்டியலைத் தானே எழுதினாள். மேலே கிண்டியும் குரோம்பேட்டை எம்ஐடியும். அடுத்து காரைக்குடி. அதன்பிறகு அரசுக் கல்லூரிகள், திண்டிவனம், விழுப்புரம் உறுப்புக் கல்லூரிகள். கடைசியில் நாங்கள் நேரில் பார்த்துத் திருப்திப்பட்ட சின்னத் தனியார் கல்லூரிகள் இரண்டு. இரும்புச் சீவல் கிடந்த கல்லூரி அதில் ஒன்று. பெரிய பெயருள்ள, ஆனால் ஒரு வகுப்பில் கூட்டம் அலைமோதுகிற சில கல்லூரிகளை அவளாகவே விட்டுவிட்டாள். மைத்துனனுக்குப் போன் போட்டுக் காரணத்தையும் அவளே சொன்னாள்: “மாமா, அங்க நான் அறுபதுல ஒருத்தியா பின்பெஞ்சுல உக்காருவேன். இங்க மெஷின் என் கைக்கு வரும்.” அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி பாப்பா, நீ பாத்துட்டு வந்து சொல்றே, நான் பாக்காம சொல்றேன்” என்றான்.

உப்பளத்துக்குப் போகிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஒரு நாள் கூலி போனால் போகட்டும். கலந்தாய்வு தொடங்குமுன் ஒரு வேலை நாளில் பிள்ளையை அழைத்துக்கொண்டு, மனதில் இருக்கிற இரண்டு கல்லூரிக்காவது போய்விட்டு வாருங்கள். லேத் ஓடுகிறதா, வாத்தியார் இருக்கிறாரா, ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. எங்கே போவது, என்ன கேட்பது என்று தயக்கமாக இருந்தால் என் கடைக்கு வாருங்கள். எங்கள் மகள் எழுதி வைத்த கேள்விப் பட்டியல் மேஜைமேலேயே இருக்கிறது, நகல் எடுத்துத் தருகிறேன்.